முதல் கோடு எந்தக் கையால்

பதுளை
20-2-1984

அன்புள்ள ராக்குவுக்கு,

உன் கடிதம் வந்தது. பாப்பாவுக்கு இருமல் விட்டது என்று படித்ததும் மனம் கொஞ்சம் ஆறியது. வவுனியா வெயில் அவளுக்கு ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. இங்கே மழை ஓய்ந்து பனி தொடங்கிவிட்டது. பகலிலும் எதிர்க்கடை தெரிவதில்லை.

எழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று யோசிப்பாய். நான்தான். இடது கையால் எழுதுகிறேன். முன்பு வந்த கடிதங்களை இத்ரூஸ் நானாவின் மகன் நிஸாம் எழுதினான். நான் சொல்வதை எல்லாம் எழுதினான். ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை.

போன ஜூலையில் கலவரம் வந்த அன்றைக்கு உங்களை நானாவின் லொறியில் ஏற்றிவிட்டுக் கருவிப்பெட்டியை எடுக்கப் பட்டறைக்குப் போனேன் அல்லவா. பட்டறை எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போய்விட்டேன். உத்தரம் கை மேல் விழுந்தது. தீக்காயம் என்று எழுதச் சொன்னேன். தீக்காயம்தான். ஆனால் வலது கையில் நான்கு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் நிற்கிறது. தனியாக.

அண்ணன் மன்னாரில் படகுக்கு ஆள் பிடித்துவிட்டார், இந்தியாவில் தச்சனுக்கு எப்படியும் வேலை கிடைக்கும், நீங்களும் வாங்க, உங்கள் பதில் பார்த்துத்தான் ஏறுவோம் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பதிலை எழுதத்தான் உட்கார்ந்தேன். நேராக எழுத வரவில்லை. சுற்றித்தான் வருகிறது.

நானா தன் கடைக்குப் பின்னால் ஒரு மூலை தந்திருக்கிறார். மரம் அறுக்க இடது கை சீக்கிரம் பழகிவிட்டது. கோடு போடத்தான் பழகவில்லை. கோடு சரியில்லாவிட்டால் எவ்வளவு நன்றாக அறுத்தாலும் ஒரு கட்டையின் முனையில் விடும் கழுந்து மற்றக் கட்டையின் துளையில் உட்காராது. உட்கார்ந்தால் ஆடும். கோட்டைச் செங்குத்தாகக் கீறக் கடையில் மூலைமட்டம் வாங்கினேன். விரல் இல்லாமல் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கோடு கீறும் கத்தியும் அப்படித்தான். அதில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. தட்டைப் பக்கம் மூலைமட்டத்தோடு ஒட்டி ஓட வேண்டும். இடது கையில் பிடித்தால் சரிவுதான் ஒட்டுகிறது. கத்தி விலகிப் போகிறது. எல்லாக் கத்தியும் வலது கைக்காரனுக்குச் செய்தது. இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாது.

அதனால் நானே செய்தேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, உடைந்தது ஒன்றை மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து வந்த ஆள் தந்தான். அதைத் தீட்டிச் சரிவை மறுபக்கம் வைத்தேன். காய்ந்த பலாக்கட்டையில் மூலைமட்டம். அடிக்கட்டையைத் தடிப்பாக வைத்தேன், மணிக்கட்டால் அழுத்திக்கொள்ள. அது சரியா என்று பார்க்க இன்னொரு மட்டம் தேவையில்லை. ஒரு கோடு கீறி, மட்டத்தைப் புரட்டிப் போட்டு, அதே இடத்தில் இன்னொரு கோடு கீற வேண்டும். பிழை இருந்தால் இரண்டும் விரிந்து போகும். விரிந்தது. சீவினேன். மறுபடி விரிந்தது. ஒன்றாகிற வரைக்கும் சீவினேன். ஓரத்துக்குச் சமமாகக் கோடு இழுக்கும் வரைகட்டையும் செய்தேன். திருகாணி வைக்கவில்லை. ஆப்புத்தான். முழங்காலால் தட்டினால் இறுகும்.

நானா என்னைக் கண்டால், இடக்கை பாஸ் வாறாரு, சோத்தாங்கைக்காரன் எல்லாம் எழும்புங்க என்று சத்தம் போடுவார். நானும் சிரிப்பேன்.

போன கிழமை வேலை வந்தது. பசறை ரோட்டில் கடை வைத்திருந்த பொன்னையாவைத் தெரியும் அல்லவா. எரிந்த வீட்டைத் திருப்பிக் கட்டுகிறார். வாசலுக்கு நிலை வேண்டும் என்றார். முதல் கோடு போட நல்ல நேரம் பார்த்து மனைவியோடு வந்தார். மஞ்சள், பூ, வெற்றிலை, தட்டு. நான் இடது கையில் கத்தியை எடுத்ததும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பொன்னையா மெதுவாக என் பக்கம் குனிந்து, அழகரு, முதல் கோட்டை மட்டும் சோத்தாங்கையால போட்டுக் குடுத்துரப்பா, அப்புறம் நீ எதால வேணா அறுத்துக்க, பீச்சாங்கை பட்ட நிலையில எப்படிப்பா விளக்கேத்துறது என்றார். ஏற்கெனவே ஒருதரம் எரிஞ்ச வீடு என்றார்.

கோபப்பட முடியவில்லை. அவருக்குப் பயம்.

துணியால் கத்தியை வலது கையோடு கட்டச் சொன்னேன். நிஸாம் கட்டினான். இழுத்தேன். கத்தி மட்டத்தை விட்டு நழுவி நிலைக்கட்டையின் முகத்தில் குறுக்காக ஓடிவிட்டது. ஆழமாக. அந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டார். பொன்னையா, மனசுல வச்சிக்காத தம்பி, மரம் வீணாப் போகாது, மாட்டுக் கொட்டகைக்கு ஆகும் என்றார். பண்டாரவளையில் வேறு தச்சு பாஸ் இருக்கிறாராம்.

அவர்கள் போன பிறகு கட்டையைப் புரட்டிப் போட்டேன். இடது கையால் கீறினேன். அறுத்தேன். துளை எடுத்தேன். கழுந்து இறங்கியது. முடி நுழைய இடமில்லை. ராக்கு, இரண்டு கை இருந்தபோதுகூட இவ்வளவு இறுக்கமாக நான் செய்ததில்லை. நானா தடவிப் பார்த்தார். சாமான் நல்லம் என்றார். பிறகு, யாரு வாங்குவான் என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை.

இனி உன் கேள்வி.

இந்த ஊரில் எனக்கு நிலை செய்யக் கொடுக்க ஆள் இல்லை. ஸ்டூல், முக்காலி, கோழிக்கூடு கிடைக்கும். இந்தியாவிலும் வாசல் வைக்கிறவன் என் கையைத்தான் முதலில் பார்ப்பான். ஆனால் படகில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஏது வாசல். முகாமில் தடுப்பு அடிக்க யாரும் நல்ல நேரம் பார்க்கமாட்டார்கள். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் நம்புகிறேன். சில நாள், உனக்குச் சுமக்க இன்னொரு பிள்ளையாக வந்து நிற்பேனோ என்று இருக்கிறது. சட்டைப் பொத்தான் போட இன்னும் ஆள் வேண்டும். சோறு இடது கையால்தான் சாப்பிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் வேறு பக்கம் பார்க்கிறார்கள். நீயும் பார்ப்பாய். பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது.

உன் அண்ணனிடம் தச்சன் வருகிறான் என்று மட்டும் சொல்லாதே. கையைப் பற்றியும் சொல். தெரிந்தபிறகு அவர் சொல்வது பதிலாக இருக்கட்டும்.

வா என்று நீ எழுதினால் அடுத்த ரயிலில் ஏறுவேன். யோசிக்க வேண்டும் என்றால் யோசி. ஆனால் படகை எனக்காகத் தவறவிடாதே. பதில் எழுத மனம் வராமல் ஏறிவிட்டாலும் நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். பாப்பாவை ஓரத்தில் உட்காரவைக்காதே, நடுவில் வை, அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். தலையில் துணி கட்டிவிடு. நீங்கள் கரை ஏறுகிற வரைக்கும் கடல் அசையாமல் இருக்கட்டும்.

உன்
அழகர்