எடுத்தவர் அரங்கில் இருக்க வேண்டும்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நலமாக இருந்தால் போனை எடுத்திருப்பீர்கள். முன்பெல்லாம் செய்தி அனுப்பினால் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறியாவது விழும். இப்போது அதுவும் கிடையாது. அதனால்தான் உங்கள் அண்ணனிடம் முகவரி வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோடு போட்ட தாளில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரித்தாலும் சந்தோஷம்தான்.

அண்ணனிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். "வேலைக்குப் போறான், வர்றான், போட்டதைச் சாப்பிடறான். சாயங்காலம் ஆனா துறைமுகத்துப் பக்கம் போய்த் தண்ணியப் பாத்துக்கிட்டே நிக்கிறான்மா. நாங்க போய்க் கூப்பிட்டாத்தான் வர்றான்" என்றார். ஏதோ மழை பெய்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்கே பேருந்து ஏறியிருப்பேன். ஆனால் நான் வந்து நின்றால் நீங்கள் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள் என்று பயம்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் பழையபடி ஒழுகுகிறது. மருந்துக்கடை வேலைக்கு மறுபடி போய்வருகிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டு யாராவது வந்தால் முதலாளி தானே எழுந்து எடுத்துக் கொடுக்கிறார். நான் அந்த நேரம் மாத்திரை அட்டைகளை அடுக்குகிற மாதிரி நடிக்கிறேன். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நல்ல மனுஷர்.

நம் குறும்பட விழா இந்த வருஷமும் நடக்கிறது. நீங்கள் இல்லாமல் யார் நடத்துவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். கண்டக்டர்தான் மாடாக உழைக்கிறார். பேருந்தில் டிக்கெட் கிழித்துவிட்டு நேராக அச்சகத்துக் கேன்டீன் கூடத்துக்கு வந்து நாற்காலி தூக்குகிறார். எப்போதும்போலச் சின்ன பிலிம் படங்கள் கீழே கூடத்தில், வீடியோ படங்கள் மாடி அறையில். மாடிக்குத்தான் கூட்டம் வரும், கீழே உங்களைப் போல நாலு கிறுக்கர்கள் மட்டும் வருவார்கள் என்று இந்த வருஷமும் அதே வம்பை ஆரம்பித்தார். பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். எதிர்வாதம் செய்ய நீங்கள் இல்லையே, அவருக்கு என்ன ருசி இருக்கும்.

கீழ்க்கூடத்துக் கதவில் நீங்கள் எழுதி ஒட்டிய விதி அப்படியே இருக்கிறது. படத்தை எடுத்தவர் அரங்கில் இருக்க வேண்டும், இல்லையென்றால் படம் ஓடாது. இந்தப் படங்களுக்கு நெகட்டிவ் கிடையாது, இருக்கிற சுருள் ஒன்றே ஒன்று, புரொஜெக்டரில் சிக்கிப் பல்பு சூட்டில் பொசுங்கினால் எடுத்தவன் கண்ணெதிரே பொசுங்கட்டும் என்று பெரிய நீதிபதி மாதிரி சொன்னீர்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு விலக்கும் எழுதினீர்கள். எடுத்தவர் உயிரோடு இல்லையென்றால் வீட்டார் ஒருவர் அவர் நாற்காலியில் உட்காரலாம். முடிதிருத்துகிறவர் இறந்த வருஷம் அவர் மனைவி வந்து உட்கார்ந்தாரே, நினைவிருக்கிறதா? படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்கவே இல்லை. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திட்டுவதானால் திட்டுங்கள், அந்தச் சாக்கிலாவது உங்கள் குரலைக் கேட்கிறேன். கேமராவில் இருந்த சுருளைக் கழுவக் கொடுத்துவிட்டேன்.

அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். மறக்கவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் அந்தச் சுருளில் ஒரு பக்கம் முழுக்க அவளை எடுத்தீர்கள். திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் கண்டக்டர் ஏணியில் ஏறி விழாப் பலகை மாட்டுவதை எடுத்தீர்கள். சுருள் அதோடு முடிந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி. எல்லாம் முடிந்து வெறும் வீட்டுக்கு வந்த மறுநாள், கேமராவைத் திறந்து, பாதிதான் ஓடியிருக்கிறது என்று நினைத்து இன்னொரு முறை திருப்பிப் போட்டு, அவள் இருந்த பக்கத்தின் மேலேயே வீட்டை எடுத்துவிட்டீர்கள். எடுத்து முடித்தபின்தான் கேமராவில் நீங்களே ஒட்டிவைத்திருந்த "முடிந்தது" என்ற துண்டுத்தாளைப் பார்த்தீர்கள். "அழிச்சிட்டேன், நானே அவளை அழிச்சிட்டேன்" என்று தரையில் உட்கார்ந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. போனில் அவள் படம் எவ்வளவோ இருக்கிறதே என்றேன். அந்தப் பார்வை பார்த்தீர்கள். அதோடு என்னிடம் பேச்சும் நின்றது.

கழுவியது, விழாப் பிலிம்களையெல்லாம் வீட்டுக் குளியலறையிலேயே கழுவித் தருகிற நம் ஆசிட் அண்ணன்தான். வேறு யாரை நம்புவேன்? அவர் வீட்டுக் குளியலறையை இப்போதும் யாரும் குளிக்கப் பயன்படுத்துவதில்லையாம், அவர் மனைவி அலுத்துக்கொண்டார். சுருள் காய்ந்ததும் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒண்ணும் கேக்காதீங்க. வந்து உக்காந்து பாருங்க" என்றார். கையால் சுற்றிப் பார்க்கிற அந்தச் சின்னப் பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் அழியவில்லை.

முழுசாகவும் இல்லை. பொய் சொல்லி உங்களை வரவழைக்கமாட்டேன். ஜன்னல் வருகிற இடத்தில், வெளிச்சம் விழுந்த சுவரில் அவளைக் காணோம். வெளுத்துப் போயிருக்கிறது. ஆனால் நீங்கள் வீட்டை எடுத்த அன்றைக்கு நாம் விளக்குப் போடவில்லை, நினைவிருக்கிறதா? வீடு எங்கெல்லாம் இருட்டாக இருந்ததோ அங்கெல்லாம் அவள் தெரிகிறாள். பீரோவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடைவழியில் இழுத்து இழுத்து வருகிறாள், வாசல் வெளிச்சத்துக்கு வந்ததும் மறைந்துபோகிறாள், திரும்பி உள்ளே ஓடும்போது மறுபடி வருகிறாள். ஆசிட் அண்ணன் இதை எனக்கு விளக்கினார். முதலில் பதிந்ததன் மேல் வெளிச்சம் விழுந்தால்தான் அழியுமாம். இருட்டு மேலே விழுந்தால் ஒன்றும் ஆகாதாம். இது தெரிந்தவர்தானே நீங்கள்? எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்! உங்கள் சொந்தச் சுருள் என்றதும் புத்தி எங்கே போயிற்று?

அப்புறம் படுக்கையறை. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன். கறுப்புப் போர்வை. நீங்கள் வாசலில் நின்று என் முதுகை எடுத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியவே தெரியாது. பார்த்ததும் முதலில் வந்தது கோபம்தான். பெண்டாட்டி கிடக்கிற கிடையில், பக்கத்தில் வந்து உட்காராமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறானே, இவன் மனுஷனா என்று வாய்விட்டுத் திட்டினேன். மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. ஆசிட் அண்ணனுக்குக் கேட்டிருக்கும்.

திட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் கட்டிலில் ஏறினாள். காய்ச்சலுக்கு முந்தின நாள் மதியம் வெறும் கட்டிலில் ஏறிக் குதித்தாளே, அதுதான். இப்போது என் முதுகுக்குப் பின்னால் ஏறுகிறாள். போர்வை இருட்டில் முழுசாகத் தெரிகிறாள், சடை அவிழ்ந்து தொங்குவதுகூட. களைத்துப் போய் என்னை ஒட்டி உட்கார்ந்து, வாசலில் நிற்கிற உங்களைப் பார்த்துக் கையை ஆட்டி வா வா என்கிறாள். நான் திரும்பிப் பார்க்காமல் படுத்தே இருக்கிறேன். அதற்குமேல் பார்க்க முடியாமல் பெட்டியை மூடிவிட்டேன்.

கண்டக்டருக்கும் சொன்னேன். "வீடியோவா மாத்தி இப்பவே அவருக்கு அனுப்பிருவோம்க்கா, ஒரு நிமிஷ வேலை" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று நீங்களும் கேட்பீர்கள். அந்தத் துறைமுகத்தில், தண்ணீர்ப் பக்கத்தில், தன்னந்தனியாக ஒரு போனில் நீங்கள் இதைப் பார்க்க நான் விடமாட்டேன். என் உயிர் இருக்கிறவரை விடமாட்டேன். பார்த்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அழுதாலும் அங்கேயே அழ வேண்டும்.

அதனால் விழாவில் சேர்த்துவிட்டோம். அடுத்த மாதம் கடைசி ஞாயிறு, மதியம், கீழ்க்கூடத்தில் கடைசிப் படம். பெயர் இல்லை, நீங்கள் வந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பார்க்க வேண்டாம் என்றால் கதவைச் சாத்திவிட்டு நாம் மட்டும் பார்க்கலாம், ஆசிட் அண்ணன் ஓட்டுவார். சுருள் என் துணிகளுக்கு நடுவில் டப்பாவில் இருக்கிறது. ஈரம் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இதற்கு மேல் எப்படிக் கெஞ்சுவது என்று தெரியவில்லை. நேற்று நாற்காலிகளைத் துடைக்கப் போனேன். முதல் வரிசையில் ஓரத்து நாற்காலியில் கண்டக்டர் உங்கள் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிதிருத்துகிறவர் மனைவி உட்கார்ந்ததும் அந்த இடம்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குள்ளேயே இருங்கள், கடல் எங்கும் போய்விடாது. உங்கள் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். படம் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, டப்பாவிலேயே கிடக்கட்டும். கதவில் நீங்கள் சின்ன எழுத்தில் எழுதிய அந்த விலக்கின்படி மட்டும் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா