தைத்த கையும் நீட்டிய சிகரெட்டும்

சிஷான்
3 மார்ச் 1993

பாய்சுவான் அவர்களுக்கு,

சூயுன் எழுதுவது. பிரிந்து நான்கு வருடமானாலும் பதிவேட்டில் நான் இன்னும் உங்கள் மனைவிதான். ஆனால் செருப்பு ஆலை எந்திரத்தில் உங்கள் வலது கை நசுங்கியதை எனக்குச் சொன்னவள் மீன்காரி. நன்றாக இருக்கிறது நியாயம்!

புறங்கையில் தோலே மிஞ்சாததால் கையை அடிவயிற்றோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்களாமே. வயிற்றுத் தோல் கையில் உயிர் பிடிக்க மூன்று வாரம் ஆகும். அதுவரை அதில் ரத்தம் தேங்கக் கூடாது. எங்கள் மூலிகைக் கடையிலிருந்து செவ்வேர், குசும்பாப்பூ, இன்னும் நான்கு சரக்கு சேர்த்துப் பத்துப் பொட்டலம் அனுப்புகிறேன். கூட வைத்திருக்கும் மருந்துச் சீட்டை முதலில் உங்கள் டாக்டர் ஃபெய்யிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அவர் ஊசி போடுகிறார் என்றால் ஒரு சொட்டும் குடிக்காதீர்கள். சரி என்றால் மண் கலயத்தில் இருமுறை காய்ச்சி, இரண்டையும் கலந்து குடியுங்கள். யார் கோழி சூப் கொண்டுவந்தாலும் வேண்டாம், இந்த மருந்தோடு சேராது. புகை அறவே கூடாது. ஒரே இழுப்பில் ரத்தக் குழாய் சுருங்கிவிடும்.

சூயுன்

மருத்துவமனை
7 மார்ச்

அன்புள்ள சூயுன்,

இடது கையால் எழுதுகிறேன், சிரிக்காதே. மடியில் பணப்பையை ஒளித்து வைத்த கஞ்சனைப் போல நாள் முழுக்கப் படுத்திருக்கிறேன். டாக்டர் சீட்டைப் பார்த்து, ஊசியை நிறுத்தியாயிற்று, அரை அளவு குடிக்கலாம் என்றார். பயங்கரக் கசப்பு. உன் கைப்பக்குவம் மாறவே இல்லை.

சூப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன். தோலின் ஓரம் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. ஏனென்று புரியவில்லை.

பாய்சுவான்

சிஷான்
11 மார்ச்

பாய்சுவான் அவர்களுக்கு,

புரியவில்லையா? டாக்டர் ஃபெய் கடைக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். "அம்மா, உங்க கஷாயக் கிண்ணத்துல மூணு சிகரெட் துண்டு கிடக்குது. இதுவும் உங்க மருந்துதானா?" என்றார். கடையில் எல்லோர் முன்னாலும் என் மானம் போனது.

உங்கள் ஆலை ஃபோர்மன் லூ பார்க்க வந்தாராம், சிகரெட் நீட்டினாராம், பற்றவைத்தும் கொடுத்தாராம். மறுத்தால் அவர் முகம் வாடிவிடுமாம்! இப்படித்தானே உங்கள் தம்பி கேட்டான் என்று நாம் குடியிருந்த இரண்டு அறைகளையும் தூக்கிக் கொடுத்தீர்கள்? ஒரு வார்த்தை என்னிடம் கேட்டீர்களா? அன்று மூட்டையோடு தெருவில் நின்றவள் நான். உங்கள் தாட்சண்யத்துக்கு எங்கள் கடையில் எந்த இழுப்பறையிலும் மருந்து கிடையாது. இந்தத் தோல் செத்தால் வேறு தோலுக்குத் தொடையில் வெட்டுவார்கள். அதுவும் செத்தால் கை போகும். எனக்குக் கோபம் மட்டுமில்லை, பயமாகவும் இருக்கிறது.

சூயுன்

மருத்துவமனை
24 மார்ச்

அன்புள்ள சூயுன்,

ஓரத்தில் ஒரு விரல் அகலம் செத்தது, வெட்டி எடுத்தார்கள். மற்றதெல்லாம் பிழைத்துவிட்டது. நேற்று முன்தினம் கையை வயிற்றிலிருந்து பிரித்தார்கள். அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்கிறது. அதையே செய்துகொண்டிருக்கிறேன்.

நேற்று ஆலை மேலாளரே வந்து ஒரு சிகரெட்டையும் ஒரு காகிதத்தையும் நீட்டினார். "நம்ம ஆள்தானே, ஒண்ணு எடுங்க. அப்படியே இதுலயும் ஒரு கைநாட்டு. உங்க கவனக்குறைவாலதான் அடிபட்டுச்சுன்னு நாலு வரி, வேற ஒண்ணுமில்ல."

"வேணாங்க. ரெண்டுமே வேணாம்," என்றேன்.

அறையில் எட்டுப் பேர் வாயடைத்துப் போனார்கள். அதில் நானும் ஒருவன்.

தம்பி தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். அவனிடமும் மாட்டேன் என்றேன். முதல் தேதி, வியாழக்கிழமை, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்கு என்று கேட்டார்கள். உன்னிடம் வரலாமா?

பாய்சுவான்

சிஷான்
27 மார்ச்

பாய்சுவான்,

வர வேண்டாம்.

பேருந்தில் ஐந்து மணி நேரம். ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து ஆள் சிகரெட் நீட்டுவான், எதிர் ஆள் நீட்டுவான், சுங்கச்சாவடி வருவதற்குள் ஓட்டுநரும் நீட்டுவான். இரண்டு பேரை மறுத்துவிட்டீர்கள், மெச்சுகிறேன். ஐம்பது பேரை மறுக்கும் அளவுக்கு நீங்கள் இன்னும் தேறவில்லை.

வியாழன் காலை நானே வந்து கூட்டிப்போகிறேன். கடை மாடியில் இருப்பது ஒற்றைக் கட்டில். கை ஆறும்வரை அது உங்களுக்கு. அப்புறம் தரையில் படுப்பது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

சூயுன்