மூச்சு இருந்ததா?

பிப்ரவரி 3

கீழே அச்சு இயந்திரம் ஓடும்போதெல்லாம் என் மேசை நடுங்குகிறது. பழகிவிடும் என்றார்கள். திருச்சபை அச்சகத்துக்கு வந்து மூன்று வருஷம், பழகவில்லை. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்தபோது கூடவே வந்தது இலத்தீன் ஒன்றுதான். அதுதான் இப்போது சோறு போடுகிறது.

இன்று மொழிபெயர்க்கக் கிடைத்தது குழந்தைகளைப் பற்றிய பகுதி. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஆயர். பிறக்கும்போதே ஒட்டிவரும் ஜென்மப் பாவம் என்று அவர் போட்ட முடிச்சை இன்றுவரை அவிழ்க்கவும் மனமில்லை, அறுக்கவும் துணிவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் போகும் பச்சைக் குழந்தைக்கும் தண்டனை உண்டாம். ஆனால் தண்டனைகளிலேயே லேசானதாம். மென்மையான? இளகிய? எதைப் போட்டாலும் பக்கத்தில் 'தண்டனை' பல்லைக் காட்டுகிறது.

பிப்ரவரி 5

பதிப்பாசிரியர் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பூசி மெழுகாதீங்கம்மா. அவர் சொன்னதைச் சொல்லுங்க. கடிச்சா கடிக்கட்டும்."

'மிக லேசான தண்டனை' என்றே போட்டேன்.

பிப்ரவரி 11

தங்கச்சிக்கு ஆறாம் மாத ஸ்கேன். "பேசிக்கிட்டே இருந்தாங்கக்கா டாக்டரம்மா. திடீர்னு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் பேச்சே இல்ல."

பிப்ரவரி 18

ஆண் குழந்தை. நுரையீரல் வளரவில்லை. பிறந்தால் நிமிஷக் கணக்குதான். வயிற்றிலேயே நின்றுவிடவும் கூடும். பெற்றே தீருவேன் என்கிறாள். பத்து வருஷம் காத்திருந்தவளிடம் என்ன சொல்ல?

அவள் மாமியார் பிழைக்குமா என்று கேட்கவில்லை. "ஞானஸ்நானத் தண்ணி ஊத்துற வரைக்குமாவது உசுரு நிக்குமா?" என்றுதான் கேட்டார்.

பிப்ரவரி 20

பங்கு ஃபாதர் வந்திருந்தார். "இப்ப திருச்சபை அப்படிச் சொல்றதில்லம்மா. கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம். நம்பிக்கையா இருங்க."

"நம்பிக்கைதானே ஃபாதர்," என்றார் மாமியார். "நிச்சயம் இல்லையே?"

ஃபாதர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அவர்கள் போனபின் தங்கச்சியிடம் சொன்னேன். அந்தக் காலத்திலேயே கிழக்கே இன்னொரு ஆயர் இருந்தார். பச்சைக் குழந்தைக்குத் தீர்க்க வேண்டிய நோயே இல்லை என்று எழுதியவர்.

"அப்ப ஏன்க்கா நம்ம கிட்ட அவரு வரல, இவரு வந்தாரு?"

அவர் கிரேக்கத்தில் எழுதினார், இவர் இலத்தீனில். நமக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத் தெரிந்தது இலத்தீன். இவ்வளவுதானா? ஒரு மொழியா?

மார்ச் 2

அசைவு குறைந்திருக்கிறதாம்.

மார்ச் 9

"ஃபாதரால வர முடியலன்னா நீ ஊத்துக்கா. அவசரத்துக்கு யார் வேணா ஊத்தலாம்ல?"

ஊற்றலாம். உயிர் இருந்தால். அதை நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

நான் நம்பாததை என் கையால் செய்யச் சொல்கிறாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல!

மார்ச் 27

நேற்று மதியம். பத்து வாரம் முன்னதாகவே. ஃபாதர் வெளியூரில்.

நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தார். உள்ளங்கை அளவு முகம். சூடு இருந்தது. மூக்கருகே கன்னத்தை வைத்தேன். ஒன்றும் இல்லை — இருந்ததோ? — இல்லை. நர்ஸைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

மருந்துக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். என் கை என்னைக் கேட்கவில்லை. ஊற்றினேன். தந்தை, மகன், தூய ஆவி என்று மூன்று பெயர்களையும் சொன்னேன். இலத்தீனில் சொன்னேன் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. தண்ணீர் கண்மேல் வழிந்தது. கண் சுருங்கவில்லை.

நம்பாதவளுக்கு ஏன் அப்படி ஒரு அவசரம்? யாருக்குப் பயந்தேன் நான்?

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல். "அக்கா... மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சுடி."

மார்ச் 29

அடக்கம் முடிந்தது. "எங்க வம்சத்துல ஒரு சம்மனசு, நேரா மோட்சத்துக்கே போயிருச்சு," என்று மாமியார் எல்லாரிடமும் சொன்னார். ஒரு மாதத்துக்கு அப்புறம் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாராம். என் கையைப் பிடித்து உதட்டில் வைத்து முத்தி செய்தார். அந்தக் கையை!

ஏப்ரல் 19

தங்கச்சி என்னுடன் தங்க வந்திருக்கிறாள். முதல் நாள் கேட்டாள்: "எத்தனை தடவை மூச்சு விட்டான்?" மூணு என்றேன். மறுநாள்: "அழுதானா?" லேசா முனகினான் என்றேன். இன்று: "கண்ணத் திறந்தானா?"

ஒன்றை நட்டால் ஒன்பது முளைக்கிறது.

மே 4

அடுத்த பகுதி வந்துவிட்டது. அதே ஆயர்; பொய்யைப் பற்றி. எதற்காகவும் கூடாது என்கிறார். நோயில் கிடக்கும் தகப்பன், இறந்துபோன மகன் உயிரோடிருக்கிறானா என்று கேட்கிறான். உண்மை அவனைக் கொன்றுவிடும். அப்போதும் கூடாதாம். தன் மனம் தடுமாறுவதையும் ஒப்புக்கொள்கிறார் — ஆனாலும் கூடாது.

இத்தனை நூற்றாண்டு கழித்து என் வீட்டு முகவரி இவருக்கு எப்படிக் கிடைத்தது?

மே 6

அந்தப் பத்தியை விட்டுவிட்டால் என்ன?

விடவில்லை. ஒரு சொல்லைக்கூட.

மே 17

"சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சிடும்க்கா. ப்ரூஃப் இருந்தா குடு, நான் பார்க்கிறேன்." பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக இலக்கணம் நடத்துகிறவள். மறுக்க ஒரு காரணம் அகப்படவில்லை. கொடுத்தேன்.

சன்னலோரம் அரை நாள் உட்கார்ந்திருந்தாள். நான் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

தாள்கள் வந்தன. எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மை. ஒற்றுப் பிழை, விட்டுப்போன புள்ளி. அந்தத் தகப்பன் வரும் பக்கத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை. அதில் மூன்று பிழை இருப்பது எனக்கே தெரியும்.

"நல்லா வந்திருக்கு," என்றாள். முகம் பார்க்காமல்.

மே 25

எட்டு நாளாக அவள் எதுவும் கேட்கவில்லை.

இன்று காலை மாமியார் போன் செய்தார். அவருக்குத் திரும்பத் திரும்பப் பேரனின் மூச்சைப் பற்றியே பேச்சு. தங்கச்சி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னையே பார்த்தபடி சொன்னாள்:

"ஆமாத்தை. மூணு தடவை. நானும்தான் பார்த்தேன்."