இடம் மாறிய இரண்டு எழுத்துகள்

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே புதிதாக மாட்டிய கடைப் பலகை ஒன்றைப் பார்த்தேன். ஸ்டேஷனரி என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ஈ’ வரவேண்டிய இடத்தில் ‘ஏ’. எழுதுபொருள் கடை, அசையாமல் நிற்கும் கடையாகியிருந்தது. “இஞ்ச பாரும்” என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். நீர் இல்லை, தோழி.

கொட்டாஞ்சேனை அச்சகத்தில் ஒரே மேசையின் இரு பக்கமும் இருந்து பிழை திருத்தினோம். தமிழ் எனக்கு, ஆங்கிலம் உமக்கு. டெசர்ட்டில் ஓர் ‘எஸ்’ குறைந்து, கலியாண விருந்தில் இனிப்புக்குப் பதிலாகப் பாலைவனம் பரிமாறப்படாமல் எத்தனை முறை காப்பாற்றியிருப்பீர்! தெரிந்துகொண்டே நீர் விட்ட பிழை ஒன்றே ஒன்றுதான்.

கொலன்னாவையிலிருந்து ஒருவர் தன் மகளோடு வந்திருந்தார். மனைவியின் முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்கு மகள் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். அம்மா என் தேவதை என்பது பொருள். ஆனால் ஏஞ்சலின் கடைசி இரண்டு எழுத்துகளும் இடம் மாறி ஆங்கிள் ஆகியிருந்தது. தேவதை, கோணமாகிவிட்டாள்.

எட்டிப் பார்த்த முதலாளி சிரித்துவிட்டார். தகப்பனின் முகம் வாடிப்போனது.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மிஸ். பிழையெண்டால் திருத்துங்கோ.”

சிவப்புப் பேனையைத் திறந்தீர்.

“பிழை இல்ல,” என்றாள் சிறுமி. “அம்மா இப்பிடித்தான் எழுதுவா. என்ர பேர்த்டே கார்ட் எல்லாத்திலயும்.”

தகப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். நீர் பேனையை மூடினீர். “ஓம் செல்லம், இது பிழை இல்ல.”

அவர்கள் போன பிறகு முதலாளி விடவில்லை. “சனம் எங்களைப் பாத்தெல்லோ சிரிக்கும்!”

“அப்ப அட்டையில அச்சகப் பேரைப் போடாதேங்கோ. அது தாய்ட எழுத்து. நான் கை வைக்கமாட்டன்.”

அச்சகப் பெயர் இல்லாமலேயே அந்த அட்டை அச்சாகியது.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், “வளந்த பிறகு அந்தப் பிள்ளைக்குத் தெரியவராதோ?”

“வரட்டுமே. அண்டைக்குத் தாயை நினைச்சுச் சிரிக்கும். அழுறதுக்கு மட்டுந்தானோ அம்மா?”

நோய் உம்மைக் கொண்டுபோன பிறகு ஆங்கிலமும் என் பக்கம் வந்துவிட்டது. உமது வேகம் எனக்கில்லை, அகராதியோடு மல்லுக்கட்டுகிறேன். ஆனால் நினைவு அட்டை எது வந்தாலும், கை வைக்கமுன் கேட்கிறேன்: “இதை எழுதினது ஆர்?”

பலர் “நான்தான்” என்பார்கள், திருத்திக் கொடுப்பேன். சிலருக்கு உடனே பதில் வராது. அவர்கள் இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பேனையைத் திறக்காமல் காத்திருக்கிறேன்.