பச்சைக்காரியைத் தொலைத்தவள்

கோபம் பாதி, பிரியம் பாதியாக என் சவரி அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு மாதம் முடிந்துவிட்டது. அம்மாவையும் உன் கண்ணாடி அலமாரியையும் என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். வருகிறவர்கள் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு காப்பி கலக்கிக் கொடுக்கிறேன். ஆனால் எனக்கு உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது அண்ணே. பதில் சொல்ல வேண்டிய ஆள் நீ ஒருவன்தான், நீயோ போய்விட்டாய். அதனால்தான் இப்படி ஊரறிய எழுதுகிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகையைப் படித்துக் காட்டுவது எப்போதும் நான்தான். இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

உன் சாமான்களின் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சாவி கொடுத்தால் நடக்கும் தகர ரோபோவுக்குக் காலில் துரு ஏறிவிட்டது. ரப்பர் முகமூடி வெயிலில் உருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, கத்தியால் சுரண்டித்தான் எடுத்தேன். சூயிங்கம் சுற்றி வந்த படங்களில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. உயிரோடிருக்கும்போது யாரையும் தொடவிடாமல் காத்தாயே, இப்போது வந்து பார்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் நம் ரப்பர் தோட்டத்துக் கிளப்பில் இருந்த அந்த ஒரே ஒரு டிவிதான். விண்வெளிக் கப்பலில் திரியும் ஆறு பேரின் கார்ட்டூன் சாயங்காலத்தில் வரும். அவர்கள் பேசுவது நமக்குப் புரியாது. அதனால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் நாங்களே பெயர் வைத்தோம். பெட்டித்தலையன், நெருப்புமூக்கன், ஒத்தக்கண்ணன் என்று ஆளுக்கொரு பெயர். ஆறு பேரில் ஒருத்திதான் பெண். அவள் பச்சைக்காரி. எனக்கு அவள்மேல் உயிர். எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் அடுத்த வீட்டு சிநேகிதிக்கும் அப்படித்தான். அவள் பெயரை இங்கே புஷ்பா என்று மாற்றி வைக்கிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

அந்த ஆறு பேரும் மால்ட் மாவு டின்னுக்குள் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மைகளாக வர ஆரம்பித்தார்கள். நீ அப்போது பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தாய். மாவு பிடிக்காத வீட்டில் டின் டின்னாக மாவு சேர்ந்தது. ஆறும் கிடைத்த அன்று அம்மாவைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்திக் காட்டினாய். பிறகு ஈப்போவில் டிவி பழுது பார்க்கும் கடையில் வேலை கிடைத்தது. ரிப்பேருக்குப் போகிற வீடுகளில் பிள்ளைகள் தூக்கிப் போட்டதையெல்லாம் கேட்டு வாங்கி வந்தாய். கார்ட்டூன் முகம் போட்ட தண்ணீர் போத்தல், பென்சில் பெட்டி, காது உடைந்த உண்டியல் எல்லாம் வந்தன. கல்யாண வயதில் பொம்மை விளையாட்டா என்று லயமே சிரித்தது. உனக்கு உறைக்கவே இல்லை. அலமாரிச் சாவியை என் ஒருத்தியிடம் மட்டும் கொடுத்தாய். சனிக்கிழமை தூசி தட்டுவது என் வேலை. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியுமா?

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாம் ஈப்போவுக்கு வந்தோம். புஷ்பா குடும்பம் சித்தியவானுக்குப் போனது. லோரியில் ஏறும்போது பொம்மைகளைப் போட்டு மூடிய பிஸ்கட் டின்னை நீதான் என் மடியில் வைத்தாய். வழி நெடுக அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன். புது வீட்டில் திறந்து பார்த்தால் ஐந்துதான் இருந்தன. பச்சைக்காரி எங்கே என்று அம்மா கேட்டார்கள். நீ டின்னைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

“தெரியலம்மா. டின்னு ரெஜினா மடியிலதான் இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னாய். மறுநாள் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டாய்.

நான் எங்கெல்லாம் தேடினேன் என்று உனக்குத் தெரியும், கூடவே இருந்து பார்த்தாயே. காலியாகிப்போன லயத்துக்குத் திரும்பிப் போய், செங்கல் தூண்களுக்கிடையில் தவழ்ந்து வீட்டுக்கு அடியில் தேடினேன். மாவு கம்பெனிக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். பதிலுக்கு ஒரு காலண்டர் வந்தது. பாரிட் புந்தாரில் ஒருவர் வீட்டில் பச்சை பொம்மை இருக்கிறதாம் என்று யாரோ சொன்னதை நம்பி, லீவு போட்டு பஸ் ஏறிப் போனேன். அது சாயம் போன நீலப் பொம்மை. முழங்கால் தேய்ந்து, சட்டை அழுக்காகி நான் வந்து நிற்கும்போதெல்லாம், நீ ரேடியோவின் பின்பக்கத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாய். “கெடச்சுச்சா?” என்று கேட்பாய். எப்படி அண்ணே உனக்குக் கேட்க மனசு வந்தது?

என் கல்யாணப் பந்தியில்கூட விடவில்லை. “மச்சான், இவகிட்ட சின்ன சாமான் எதையும் குடுத்துராதீங்க, தொலச்சிருவா” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிவி ஏரியல் கட்ட ஏறிய கூரையிலிருந்து விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாய். முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயிலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். சேலையை இழுத்துப் போர்த்தியபடி ஒருத்தி வந்து என் கையைப் பிடித்தாள். பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்துவிட்டு சித்தியவானிலிருந்து வந்திருந்தாள் புஷ்பா. வீட்டுக்காரர் காரில் பிள்ளைகளோடு காத்திருந்தார். கைக்குட்டையைப் பிரித்து என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். பச்சைக்காரி.

அவள் மெல்லச் சொன்னாள்.

“தோட்டத்த விட்டுப் போற அன்னிக்குக் காலையில ஒங்கண்ணன் குடுத்தாரு. வீட்டுல பேசிட்டு வாரேன், அது வரைக்கும் இவ ஒன்கிட்ட இருக்கட்டும்னாரு. ரெண்டு வருஷம் பாத்தேன் லா. அதுக்கு மேல எங்க வீட்டுல விடல.”

பிறகு கேட்டாள், “வீட்டுல பேசவே இல்லியா ரெஜினா?”

“இல்ல.”

“ஒரு வார்த்தகூடவா?”

இல்லை என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உன் வீட்டார் மறுத்துவிட்டதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாளாம். அவளிடம் என்னைப் பற்றி, அந்த டின்னைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? இனி இதை வைத்துக்கொள்ளத் தனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டாள்.

என் மடியில் நீ வைத்தபோதே அந்த டின்னில் ஐந்துதான் இருந்தன. உனக்கு அது தெரியும். தெரிந்தேதான் வைத்தாய்.

அவள் சாமி வேறு, நம் சாமி வேறு என்று பயந்தாயா? அம்மா கத்தியிருப்பார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருப்பார்கள். மூன்றாம் நாள் எழுந்து பெண் வீட்டாரைப் பற்றி விசாரித்திருப்பார்கள். நம் அம்மாவை உனக்குத் தெரியாதா? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. அவள் என் சிநேகிதி. நான் பேசியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். அம்மா கொண்டு வந்த பெண்களின் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலமாரியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும். அதில் பாதி போதாதா, வாயைத் திறக்க?

வீட்டுக்கு வந்ததும் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். யோசிக்காமல் பொம்மையைக் கொண்டுபோய் மற்ற ஐந்தோடு நிறுத்திவிட்டேன். மறுநாள் காலையில் அம்மா அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

“இத்தன வருஷம் எங்கடி வச்சிருந்த? அவன் உசுரோட இருக்கும்போது எடுத்துக் குடுத்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பான்.”

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளையைப் புதைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உன் மகன் பொய் சொன்னான், ஒருத்தியைக் காக்க வைத்தான், அதனால்தான் தனியாகவே செத்தான் என்று எப்படிச் சொல்வது? சித்தியவானில் இருப்பவளின் பெயரை இழுத்து அவள் குடும்பத்தில் யார் காதில் போடுவது?

“தையல் பெட்டிக்குள்ள கெடந்துச்சும்மா. நான்தான் சரியாப் பாக்கல.”

அன்றைக்கு முழுவதும் அம்மா என்னோடு பேசவில்லை. செய்யாத குற்றத்தை என் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். நீ ஆரம்பித்த பொய்யை நான் முடித்து வைத்தேன். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று நினைவு வந்து கை நின்றுவிடுகிறது. செத்துப்போனவனோடு எப்படிச் சண்டை போடுவது? பூசைக்கு உன் பெயர் கொடுக்கிறேன், வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வருகிறேன். இரண்டையும் விட முடியவில்லை.

அலமாரியை இப்போது நான் பூட்டுவதில்லை. என் மகள், உன் மருமகள், மத்தியானமானால் உன் சாமான்களை எல்லாம் தரையில் பரப்பிவிடுகிறாள். அம்மா முணுமுணுக்கிறார்கள். நான் தடுப்பதில்லை.

அம்மா இருக்கும்வரை இந்தப் பொய் என்னிடம் பத்திரமாக இருக்கும். புஷ்பாவுக்காக. சரி, உனக்காகவும்தான். ஆனால் என் மகள் வளர்ந்து, யாரையோ மனதில் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு மாமாவின் கதையை ஒன்று விடாமல் சொல்லுவேன். யாராக இருந்தாலும் சொல்லு, நான் பேசுகிறேன் என்று அவள் பக்கத்தில் உட்காருவேன். இது சத்தியம்.

நீ கேட்டிருந்தால் உனக்காகவும் பேசியிருக்கக்கூடிய,
உன் ஒரே தங்கச்சி
ரெஜினா