திங்கட்கிழமைக் காய்ச்சல்

நவ. 4, திங்கள்

காலையிலிருந்தே மழை. திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். பட்டறைக்குப் போய்ச் சேருவதற்குள் சாப்பாட்டுப் பை நனைந்துவிட்டது.

இன்று முதல்முறையாகச் செம்பு. எண்ணூர்ப் பக்கம் ஏதோ துணை மின் நிலையமாம், அதற்கு மண்ணில் புதைக்கிற எர்த் தகடு. இரண்டு மாதமாகப் பாஷா பாய் மட்டும்தான் வெட்டிக்கொண்டிருந்தார். ஆர்டர் கூடிவிட்டதால் முதலாளி அண்ணாச்சி எனக்கும் மின்சுடரால் வெட்டும் ஒரு பிளாஸ்மா டார்ச் கொடுத்தார். இரும்பு மாதிரி இல்லை இது. இரும்புக்குப் போகிற வேகத்தில் கை போனால் பாதி வெட்டு, பாதி ஒட்டு. சூட்டையெல்லாம் தகடே குடித்துவிடுகிறது. கரண்ட்டைக் கூட்டி, கையை மெதுவாக நகர்த்தி. சுடரின் ஓரத்தில் பச்சை. பார்க்க அழகுதான். அடியில் ஒட்டும் கசடைத் தட்டி எடுப்பதற்குள் தோள்பட்டை போய்விடும்.

சாரல் அடிக்கிறது என்று ஷட்டரை இறக்கிவிட்டார்கள். புகை இழுக்கிற ஃபேன் எப்போதோ கெட்டுப்போனது. முகத்தில் துப்பட்டா மட்டும்.

பாய் இன்றும் வாசலோரம் டிரம் மேல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். தம்ளரும் தனி. கொஞ்ச நாளாகவே இப்படி. முன்பெல்லாம் என் டப்பாவில் கைவிட்டு மீன் எடுப்பவர். கிண்டலாக ஏதாவது சொல்லிவிட்டேனா? ஞாபகம் இல்லை.

சாயங்கால டீ பாகு மாதிரி இனித்தது. “இன்னா மாஸ்டர், இவ்ளோ சக்கர?” என்றேன். “சக்கரயே போடலியேம்மா, தீந்துபோச்சு” என்றார்.

வாங்க: கையுறை, பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ், வெங்காயம்.

குளிர்கிறது. மழைதான் போல.

நவ. 5, செவ்வாய்

மழை இல்லை. நேற்று இதை எழுதி முடிப்பதற்குள் நடுக்கம். வீட்டிலிருந்த போர்வையெல்லாம் என் மேல். பல் கிட்டித்தது. மூட்டு மூட்டாக வலி. என் வீட்டுக்காரர் சேகர் பயந்தே போனார். “இன்னா எழிலு, ஒடம்பு இப்டித் தூக்கிப் போடுது! எதிர் வூட்டுப் பையனுக்கு டெங்கு இப்டித்தான் ஆரம்பிச்சுது.” பாப்பா என் காலைப் பிடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள்.

காலையில் எழுந்தால் ஒன்றுமே இல்லை! பசி வேறு. இருந்தாலும் சேகர் விடவில்லை. தான் ஓட்டுகிற ஆட்டோவிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு.

சின்ன வயசு லேடி டாக்டர். ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, “நேத்து என்ன வேலை செஞ்சீங்க?” என்று கேட்டார். செம்பு வெட்டினேன் என்றதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அடைத்த இடமா, வாய் இனித்ததா, எல்லாம் கேட்டார். உலோகப் புகையால் வரும் காய்ச்சலாம். சாயங்காலம் வரும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். வேலை செய்யச் செய்ய உடம்பு பழகிக்கொள்ளும். ஞாயிறு லீவு முடிந்து திங்கள் போனால் மறுபடி வரும். துப்பட்டா இந்தப் புகையைத் தடுக்காது என்றார். மூச்சுக்கு உரிய மாஸ்க் வேண்டும், காற்று வேண்டும். டெங்கு இல்லை என்று ரிசல்ட்டும் வந்துவிட்டது.

இன்று லீவு. கோலா மீன் குழம்பு.

நவ. 6, புதன்

பட்டறையில் எல்லோரிடமும் கதையாகச் சொன்னேன். சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. கையிலிருந்த உளியை வைத்துவிட்டு வந்தார்.

“திங்கக்கெழமயா வரும்னா சொன்னாங்க?”

“ஆமா பாய்.”

“காலைல போய்டுமா?”

“எனக்குப் போய்ட்ச்சே.”

கம்ப்ரசர் பக்கம் கூட்டிப் போனார். அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது, ஆனால் போதும். செம்பு ஆரம்பித்ததிலிருந்து வாரம் பிறந்தால் சாயங்காலக் காய்ச்சல். கூடவே இருமல். டிபி என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். அதனால்தான் தனிச் சாப்பாடு, தனித் தம்ளர். எனக்கு ஒட்டிவிடக் கூடாதாம்.

அது மட்டுமில்லை. மகள் நஸ்ரின் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் அல்லவா, பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகப்போகிறது. பாய் இன்னும் தொடவில்லை. மாடியில் படுத்துக்கொள்கிறார். வாசற்படியில் நின்று பார்ப்பதோடு சரி. ஆண் பிள்ளை. முதல் பேரன்.

“வூட்ல இன்னா நெனைக்கிறாங்க?”

“மாப்ள மேல எனக்குக் கோவம், அதத்தான் புள்ள மேல காட்றேன்னு நெனச்சிகினு கீறாங்க. நெனச்சிக்கட்டும்.”

“டாக்டராண்ட போலாம்ல பாய்?”

“ஆமான்னு சொல்லிட்டாங்கன்னா?”

இத்தனை நாள் பக்கத்திலேயே நின்று வேலை செய்தும் எனக்கு இது தெரியவில்லை.

அண்ணாச்சியிடம் என் காய்ச்சலை மட்டும் சொன்னேன், பாய் பேச்சை எடுக்கவில்லை. முதலில், “சனிக்கிழமை லோடு ஏத்தணுமே தாயி” என்றார். நான் டார்ச்சை எடுக்காமல் நின்றேன். அவர் நிமிர்ந்து ஃபேன் இருந்த ஓட்டையைப் பார்த்தார். “நானும் இதே புகைக்குள்ளதான உக்காந்திருக்கேன். முன்னயே சொல்லியிருக்கலாம்லா?” என்று சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். ஷட்டர் முழுக்க மேலே. மாஸ்க் வரும்வரை செம்பில் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நவ. 7, வியாழன்

தூறல். பாயைச் சேகர் ஆட்டோவில் உட்கார வைப்பதற்குள் பெரும்பாடு. நாளைக்குப் போகலாம், வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டுப் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “தோ பாரு பாய், நீ வரலன்னா வண்டிய நேரா உன் வூட்டாண்ட வுட்டு, நஸ்ரினாண்ட எல்லாம் சொல்லிருவேன்” என்றார் சேகர். ஏறிவிட்டார்.

அதே டாக்டர். உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்வார் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை. இருமல் இத்தனை நாள் இருந்தால் பார்த்தே ஆக வேண்டுமாம். எக்ஸ்ரே, சளி டெஸ்ட். பாய் முகம் செத்துப்போனது. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தைரியம் சொல்லிக் கூட்டி வந்தவள் நான். வேறு மாதிரி வந்துவிட்டால்?

பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க மறந்துவிட்டேன். அவள் ஒரே அழுகை.

நவ. 9, சனி

வெயில்!

டிபி இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தம், சளியும் சுத்தம். புகைதான். இருமலுக்கு மருந்து, ஒரு வாரம் ஓய்வு, பிறகு மாஸ்க் இல்லாமல் டார்ச் தொடக் கூடாது.

பாய் டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டார்: “கொய்ந்தயத் தூக்கலாமா?”

“நல்லா குளிச்சிட்டுத் தூக்குங்க.”

வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். நானும் சேகரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நவ. 10, ஞாயிறு

ராயபுரம். பாய் வீட்டுக்கு மூன்று பேரும். ஒரு டஜன் வாழைப்பழம், பிள்ளைக்குச் சட்டை.

பாய் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மார்பின் மேல் பிள்ளை தூங்குகிறது. எழுந்து “வாங்க” என்று சொல்ல முடியாமல் கண்ணாலேயே வரவேற்றார். “காலைலேர்ந்து குடுக்கவே மாட்டேன்றாருக்கா. பாலுக்குக் கூட கெஞ்சி வாங்க வேண்டி கீது” என்றாள் நஸ்ரின். திட்டுவது போல ஆரம்பித்தாள், பாதியில் குரல் உடைந்தது.

பாப்பாதான் முதலில் பார்த்தாள். “ஐயே, உச்சா போயிட்ச்சு!” சட்டையிலிருந்து லுங்கி வரை ஈரம். நஸ்ரின் துணி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“வுடும்மா, முழிச்சிக்கப் போறான்” என்றார் பாய். அசையவே இல்லை.