சாமுவேலு, உன் டூ ஸ்ட்ரோக்கை இப்போது நான்தான் ஓட்டுகிறேன்

அன்பு மாப்ள சாமுவேலுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆச்சு. வருஷ நினைவு ஜெபத்தன்றே எழுத உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. இன்றைக்கு அப்படியில்லை. உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய சேதி ஒன்று கையில் இருக்கிறது. கேட்டால் நீ சிரிப்பாய்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நீ தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கட்டிங் மாஸ்டர் ஆனவன். நான் அதே தெருவில் நாலு நிட்டிங் மெஷின் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவன். நம்மைச் சேர்த்துவைத்தது பைக். மண்ணை மேடும் பள்ளமுமாகக் கொட்டி, அதன்மேல் வண்டியைத் தாவவிட்டு ஓட்டுகிற பந்தயத்துக்கு நாம் இரண்டு பேரும் பைத்தியம். சாமளாபுரம் போகிற வழியில் ஒருத்தர் தரிசாக விட்டிருந்த பூமியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் போய் நிற்போம். பக்கத்துத் தறிக்குடோன் சத்தத்தைவிட நம்ம வண்டிச் சத்தம் பெரிது என்று தோட்டக்காரரே வந்து சொல்லிவிட்டுப் போவார். இருபது வருஷம் அப்படி ஓடியது. உன் மனைவி எஸ்தர் என்னை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்ததும் நீ எனக்கு மாப்ளயானாய். நீ மட்டும் கடைசிவரை என்னை உங்கள் ஊர் 'வே' போட்டுத்தான் பேசினாய்.

அப்போது இரண்டு பேரிடமும் டூ ஸ்ட்ரோக். எடை இல்லாத வண்டி. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கிற மாதிரி இருந்துவிட்டு, திடீரென்று இழுக்கும் பார், அந்த இழுவையைச் சமாளிக்கக் கிளட்ச்சிலிருந்து விரலையே எடுக்க முடியாது. உனக்கு அதுதான் வண்டி. மற்றதெல்லாம் உனக்குப் பால்காரர் வண்டி.

நாற்பத்தாறு வயசில் எனக்கு முதுகு போயிற்று. ஒரு ஞாயிறு ஓட்டினால் புதன்கிழமை வரை குனிய முடியாது. ஷோரூமிலும் அதற்குள் டூ ஸ்ட்ரோக் வருவது நின்றுபோயிருந்தது. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் அடியிலிருந்தே சீராக இழுக்கும், உடம்பை உலுக்காது என்று நம்ம மெக்கானிக் ரஃபீக் பாய் ஒர்க்‌ஷாப்பில் வைத்துச் சொன்னார். அவர் மூலமாகவே பழையதை விற்று, ஒரு ஃபோர் ஸ்ட்ரோக்கை வாங்கி, மண்ணைக் கவ்வுகிற பட்டன் டயர் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு புது வண்டியோடு வந்து நின்றேன். நீ எஞ்சினை நிறுத்திவிட்டு என் வண்டியை ரொம்ப நேரம் பார்த்தாய்.

"எப்ப வே வித்தீரு?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை சாயங்காலம் நாம ஒண்ணாத்தான் டீ குடிச்சோம்" என்றாய். அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய்.

ஏழு மாசம் நீ என்னோடு பேசவில்லை. அதே பூமிக்கு வருவாய், அந்தக் கோடியில் ஓட்டுவாய். எஸ்தரும் என் வீட்டுச் சரசுவும் எப்போதும்போலப் பலகாரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள், நாம்தான் முறைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மழை ஓய்ந்த காலையில் வளைவில் வழுக்கி விழுந்தேன். வண்டி காலுக்கு மேலே கிடந்தது, சைலன்சர் சூடு கெண்டைக்காலில் இறங்கியது, என்னால் தூக்க முடியவில்லை. நீ ஓடிவந்து தூக்கி நிறுத்தினாய். மூச்சு வாங்கிக்கொண்டே, "காசு குடுத்து இம்புட்டுக் கனத்த வாங்கி மேல போட்டுக்கிட்டுப் படுத்திருக்கீரே வே" என்றாய். சகதியில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். நீயும் உட்கார்ந்துவிட்டாய்.

அதற்குப் பிறகு சண்டை விளையாட்டாகிவிட்டது. ஒருநாள் என் வண்டியை வாங்கி இரண்டு சுற்றுப் போய்விட்டு வந்து, நல்லாத்தான் இருக்கு, ஆனா தூக்கம் வருது என்றாய். நான் உன்னுடையதை ஓட்டிவிட்டு இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினேன். மூன்று வருஷம் வாராவாரம் இதே வழக்கு, தீர்ப்பு மட்டும் வரவில்லை.

ஒரு புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாய். நான் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப்பற்றி எழுத இன்றைக்கு எனக்கு விருப்பமில்லை.

எழுத வந்தது வேறு. வருஷ ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபோது எஸ்தர் என்னை வாசல் பக்கம் கூப்பிட்டாள். உன் வண்டி அங்கேதான் தார்ப்பாய் போட்டு நின்றது.

"அண்ணே, அவங்களுக்கு வலது கை வெரலெல்லாம் மரத்துப்போயிருந்துச்சு. ரெண்டு வருஷமா. ஒங்ககிட்டக்கூடச் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். இருபத்தைந்து வருஷம் கட்டிங் மெஷினைப் பிடித்த கை. அந்த அதிர்வில் கொஞ்சம் போயிற்று, மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை டூ ஸ்ட்ரோக் எடுத்துக்கொண்டது. காலையில் சட்டைப் பட்டனை அவள்தான் போட்டுவிடுவாளாம். கட்டிங் மாஸ்டருக்குக் கை மரத்துவிட்டது என்று வெளியே தெரிந்தால் யார் நம்பித் துணியை விரிப்பார்கள்? அதனால் ஊரில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று இருந்திருக்கிறாய். டாக்டர், இந்த வண்டியை விடு, இல்லாவிட்டால் உலுக்காத வண்டியாகப் பார் என்றிருக்கிறார். நீயும் ரஃபீக் பாயிடம் போய் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக்குக்குச் சொல்லிவைத்திருக்கிறாய்!

அங்கிருந்து நேராக பாய் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

"ஆமாங்க. உங்க வண்டியாட்டவே வேணும்னு கேட்டாருங்க. கந்தசாமிகிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க வாயத் தொறந்துறாதீங்கன்னாரு."

நானே சொல்லிக்கறேன். அதை எப்போது சொல்வதாக இருந்தாய் மாப்ள? அந்த வாரமா? வண்டி வருகிற அன்றைக்கா? நான் உன்னிடம் சொல்லாமல் மாற்றினேன். நீ மாற்றுவதற்கு முன்னால் சொல்ல நினைத்தாய். அன்றைக்கு ஒர்க்‌ஷாப் பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பாய் டீ சொன்னார்.

நானும் ஒன்றை உன்னிடம் மறைத்துத்தான் வைத்திருந்தேன். அந்தச் சகதி விழுகைக்குப் பிறகு எனக்கு விழப் பயம். முதுகு தேறிவிட்டது, தோட்டத்துப் பக்கம் தினமும் நடந்ததில் சரியாகிவிட்டது. ஆனால் விழுந்தால் அந்தக் கனத்தைத் தனியாகத் தூக்க முடியாதே என்ற நினைப்பிலேயே ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் பிரேக்கைத் தொட்டேன். உன் வண்டி என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். சொன்னால் நீ ஜெயித்ததாகிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து எஸ்தரே ஃபோன் செய்தாள். இரும்புக்கடைக்காரர் இரண்டு தடவை வந்து வண்டியைக் கேட்டாராம், அவளுக்குக் கொடுக்க மனசில்லை. நீங்க ஓட்டுங்கண்ணே, நிக்கிற வண்டியைப் பாக்கத்தான் கஷ்டமா இருக்கு என்றாள்.

பாய் பிஸ்டன் ரிங் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி மாட்டினார். சாமளாபுரத்துப் பூமிக்கு எடுத்துப்போனேன். முதல் மேட்டிலேயே முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. இரண்டாவது வளைவில் விழுந்தேன். நல்ல விழுகை. எழுந்து, வண்டியைத் தூக்கி, இரண்டு உதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு பாதிச் சுற்றுப் போன பிறகுதான், அட, தனியாகத் தூக்கிவிட்டோமே என்று உறைத்தது. அந்த ஒரு காலையில் ஐந்து தடவை விழுந்தேன். வீட்டுக்கு வந்து முழங்கையைக் காட்டினால் சரசு, "ஏனுங்க, அம்பது வயசுல இதென்ன கூத்துங்க" என்று மஞ்சளைத் தேடினாள். எனக்கானால் சிரிப்பு நிற்கவில்லை.

போன மாசம் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயம். நாற்பத்தைந்து வயசுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு ஓட்டம் வைத்திருந்தார்கள். ஏழு பேர் நின்றோம், டூ ஸ்ட்ரோக் நான் ஒருத்தன்தான். சரசுவும் எஸ்தரும் குடையைப் பிடித்துக்கொண்டு கயிற்றோரமாக நின்றார்கள். உன் வண்டி கிளம்பியதும் எஸ்தர் காதைப் பொத்திக்கொண்டாளாம். இரண்டாவது சுற்றில் கையை எடுத்துவிட்டாளாம், சரசு சொன்னாள். மூன்றாவதாக வந்தேன். ஒரு தடவை விழுந்தும் மூன்றாவது. இறங்கினதும் எஸ்தர் வந்து பெட்ரோல் டேங்க்கின் மேலிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நீ இருந்திருந்தால் நீ ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியிருப்பாய், நான் டூ ஸ்ட்ரோக்குக்குத் திரும்பியிருப்பேன். பக்கம் மாறி நின்றுகொண்டு அதே சண்டையைப் போட்டிருப்போம். என் பழைய வாதத்தையெல்லாம் நீ எடுத்து வீசியிருப்பாய், உன்னுடையது முழுக்க எனக்கு மனப்பாடம். உன் கைக்கு அதுதான் சரி, என் பயத்துக்கு இதுதான் சரி என்று எந்தக் கிழவனாவது ஒத்துக்கொண்டிருப்பானா?

மற்ற சேதி எல்லாம் நல்ல சேதிதான். திருப்பூர் தனி மாவட்டம் ஆகிவிட்டது. கரண்ட் போவதுதான் பெரிய பாடு, மெஷின் பாதி நாள் தூங்குகிறது. எஸ்தருக்குச் செக்கிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர் வேலை கொடுத்திருக்கிறார்கள். உன் பெஞ்சில் இப்போது நிற்கிற மாஸ்டர், பழைய மாஸ்டர் வெட்டினால் ஓரம் ஒரு நூல் விலகாது என்று இன்னமும் சொல்கிறார். மரத்த கையோடுதான் வெட்டினாய் என்பது அவருக்குத் தெரியாது. எஸ்தரைக் கேட்டேன். இனி எழுதலாம்ணே, அவங்க கைக்கு அது பெருமைதானே என்றாள். அதனால்தான் எழுதினேன்.

கடைசியாக, சேதி. என் ஃபோர் ஸ்ட்ரோக்கை மங்கலத்தில் தறி போட்டிருக்கிற ஒருத்தர் கேட்டிருக்கிறார். ஐம்பத்து மூன்று வயசு, மணிக்கட்டு வலி, ஓட்டுகிற ஆசை மட்டும் அடங்கவில்லை. பேசி முடித்துப் பத்து நாளாகிறது. அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டேன். ஒருத்தருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லிவிட்டுத் தருகிறேன் என்றேன். நாளைக் காலையில் வந்து எடுத்துக்கொள்கிறார்.

இன்றைக்கும் வியாழக்கிழமைதான் மாப்ள, சாயங்கால டீ பக்கத்தில் இருக்கிறது. வண்டி இன்னும் என் வாசலில்தான் நிற்கிறது, உன்னிடம் முதலில் சொல்லிவிட்டேன். இனி எந்த வண்டியை மாற்றினாலும், ஓட்டுவதையே நிறுத்தினாலும், முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

உன் மச்சான்,
கந்தசாமி
வேலம்பாளையம்